கழுத்து முறிந்த ஆட்டக்காரருக்கு ஊர்ப்பணம்: எந்த வழியில் கொடுப்பது?

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் இரவுக் கபடிப் போட்டியிலோ, தை மாதத்து ஜல்லிக்கட்டிலோ ஓர் இளைஞருக்குக் கழுத்தெலும்பு அல்லது முதுகெலும்பு முறிந்துவிட்டால், அந்த வாரமே ஊரில் பணம் திரளத் தொடங்கிவிடும். குழுவின் சட்டை அணிந்த பையன்கள் உண்டியல் ஏந்துவார்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருப்பவர்கள் கூகுள் பேயில் அனுப்புவார்கள். போட்டிக் கமிட்டி தன் கையிருப்பிலிருந்து ஒரு தொகையை அறிவிக்கும். திரட்டுவதில் நம் ஊர்கள் பின்வாங்கியதில்லை. திரண்ட தொகையை எந்த உருவத்தில் அந்த வீரரிடம் சேர்ப்பது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் பேசப்படாமலே, மேடையில் ஒரு கவரைக் கொடுத்துப் படம் எடுப்பதுடன் முடிந்துபோகிறது. கமிட்டிகளின் முன் உண்மையில் நான்கு வழிகள் இருக்கின்றன: முழுத் தொகையையும் குடும்பத்திடம் ஒரேயடியாகக் கொடுத்துவிடுவது, ஊர்ப்பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்குவது, ஏற்கெனவே இயங்கும் மறுவாழ்வு நிறுவனம் ஒன்றின் வழியாக உதவுவது, ஆட்டத்துக்கு முன்பே எல்லாருக்கும் காப்பீடு எடுத்துவிடுவது. இவற்றை ஒப்பிட்டு, ஒரு சாதாரணக் கிராமக் கமிட்டிக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒப்பீட்டுக்கு ரக்பி ஆட்டத்தின் அனுபவத்தைத் துணைக்கு அழைக்கிறேன். நம் பக்கத்தில் பலர் அந்த ஆட்டத்தை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள் என்றாலும், களத்தில் கழுத்து முறிந்தவர்களை ஆண்டுக்கணக்கில் எப்படித் தாங்குவது என்பதை அந்த ஆட்டத்தை நடத்துவோர் கடினமான பாடங்களின் வழியே கற்றிருக்கிறார்கள். அணிக்கு எட்டுப் பேராகத் தோள்களைப் பூட்டிக்கொண்டு முட்டித் தள்ளும் ஸ்க்ரம் என்ற அமைப்பு சரிந்தால், முன்வரிசையில் இருப்பவரின் தலை மடங்கி, பின்னாலிருந்து வரும் எடை முழுவதும் கழுத்தில் இறங்கும். நம் கபடியில் ரெய்டு வந்தவரை நான்கு பேர் சங்கிலி கோத்து மடக்கிச் சாய்க்கும்போது தலை முதலில் தரையில் ஊன்றினால் நிகழ்வதும், காளை தூக்கி எறிந்தவர் பிடரி அடிபட விழும்போது நிகழ்வதும் ஏறத்தாழ இதே வகைக் காயம்தான். இங்கிலாந்தின் 21 வயதுக்கு உட்பட்டோர் அணிக்காக 2005 மார்ச்சில் பயிற்சியில் இருந்த மேட் ஹாம்ப்சன் என்ற இளைஞர், ஸ்க்ரம் சரிந்ததில் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, செயற்கைச் சுவாசக் கருவியின் துணையுடன் வாழ வேண்டியவரானார். பின்னர் தன் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை தொடங்கி, விளையாட்டில் பலத்த காயமடைந்த இளையோருக்கென ஒரு மறுவாழ்வு மையத்தையும் நிறுவினார்.

ரக்பி நாடுகள் எல்லாம் ஒரே வழியைப் பின்பற்றவில்லை என்பது நமக்குப் பயனுள்ள செய்தி. நியூசிலாந்தில் 1974 முதல் யார்மீது தவறு என்று கேளாமல் எல்லா விபத்துக் காயங்களுக்கும் ஈடு வழங்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. சிகிச்சைச் செலவோடு, வேலைக்குப் போக முடியாதவருக்கு அவருடைய வருமானத்தில் 80 விழுக்காடு வரை வாரந்தோறும் கிடைக்கும். அங்கே ரக்பி அறக்கட்டளை செய்ய வேண்டியது, அரசு விட்ட இடைவெளிகளை நிரப்புவது மட்டுமே. இங்கிலாந்தில் ரக்பிச் சங்கத்தில் இணைந்த குழுக்களுக்குக் காப்பீடு கட்டாயம். அதன் அருகில், தண்டுவடமோ மூளையோ கடுமையாகப் பாதிக்கப்பட்ட வீரர்களுக்கென ஒரு தனி அறக்கட்டளையும் இயங்குகிறது. தென்னாப்பிரிக்காவின் நிலை வேறு. 1980இல் கிறிஸ் பர்கர் என்ற வீரர் ஆட்டத்தில் கழுத்தில் அடிபட்டு இறந்தபோது, அவருடைய அணித்தலைவர் மோர்னே டு பிளெசி முன்னின்று ஒரு நிதியைத் தொடங்கினார். 1987இல் அதேபோல் இறந்த பெட்ரோ ஜாக்சனின் பெயரும் பின்னர் அதில் சேர்ந்தது. அந்த நிதி சக்கர நாற்காலி, வீட்டு மாற்றம், மருத்துவப் பொருட்கள் என்று முடங்கிய வீரர்களுக்குத் தொடர்ந்து உதவிவருகிறது. அரசின் கை எட்டாத செலவுகள் குடும்பத்தின் தலையில் விழும் நம் நிலைமைக்கு இம்மூன்றில் நெருக்கமானது தென்னாப்பிரிக்காதான் என்பது என் கணிப்பு.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், பணம் எதற்குத் தேவைப்படுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முதல் மூன்று மாதங்களின் பெருஞ்செலவு அறுவை சிகிச்சை. மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போனாலும், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போனாலும், ஆண்டு வருமானம் ₹1.20 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை கைகொடுக்கும். சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் ஆடுகளத்துக்குப் பொருந்தாது. இதை அறியாமல் அதை நம்பிக் கமிட்டியினர் அலைவது உண்டு. எப்படியாயினும், ஊர் பணம் திரட்டும் அந்தச் சூடான வாரங்களில்தான் அரசின் உதவியும் அதிகமாகக் கிடைக்கிறது.

குடும்பம் தனித்து விடப்படுவது அதற்குப் பிறகு. தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு உணர்வில்லாத இடங்களில் தோல் அழுந்திப் படுக்கைப் புண் வராமலிருக்க, படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். சிறுநீரை நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு முறை டியூப் வழியாக வெளியேற்ற வேண்டும். அதில் சுத்தம் தவறினால் தொற்று சிறுநீரகம் வரை ஏறும். இவற்றைச் செய்ய வீட்டில் ஒருவர், பெரும்பாலும் தாயோ மனைவியோ, தாம் பார்த்துவந்த கூலி வேலையை நிறுத்திவிடுகிறார். ஆகவே ஓர் ஆட்டக்காரர் விழும்போது ஒரு வீட்டின் இரண்டு வருமானங்கள் நின்றுபோகின்றன என்பதைக் கணக்கெழுதும் எவரும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டின் அமைப்பும் செலவு வைக்கும். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவான அளவு. திண்ணை வைத்த வீட்டில் அரையடி உயரமுள்ள மூன்று படிகள் இருந்தால் பதினெட்டு அடிச் சாய்தளம் கட்ட வேண்டும். தெருவை ஒட்டிய வீட்டுக்கு அவ்வளவு இடம் இருக்காது என்பதால், பின்பக்கக் கொல்லை வழியாகத் தடம் போட வேண்டிவரும். கழிப்பறைக் கதவு இரண்டரை அடிக்குக் குறைந்தால் நாற்காலி நுழையாது. இத்தகைய வேலைகளை வீரர் மருத்துவமனையில் இருக்கும்போதே முடித்துவிட்டால் அவர் வீட்டுக்கு வந்த முதல் நாளிலிருந்து குளியலுக்கும் கழிப்பறைக்கும் போக முடியும். முடிக்காவிட்டால் கட்டிலே அவருடைய உலகமாகிவிடும்.

தேவை எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதும் இல்லை. கழுத்தில் மேலிருந்து எண்ணும் நான்காம் கண்டத்துக்கு (எலும்புக் கணுவுக்கு) மேலே முறிந்தவருக்கு மூச்சுக்கே உதவி தேவைப்படலாம். ஆறாம் கண்டத்தில் முறிந்தவர் மணிக்கட்டை உயர்த்த முடியும் என்பதால், பயிற்சி பெற்றால் கரண்டி பிடித்துத் தானே சாப்பிடவும் எழுதவும் வழியுண்டு. முதுகின் கீழ்ப்பகுதியில் அடிபட்டவருக்குக் கைகள் முழு வலிமையோடு இருக்கும். அவருக்கு உடலளவுக்குப் பொருந்திய நல்ல சக்கர நாற்காலியும், வெளியே போய்வர ஒரு வண்டியும் கிடைத்தால் தொழில் செய்ய முடியும். சென்னை ஐஐடியில் உருவாகி 2021இல் வெளிவந்த நியோபோல்ட் போன்று, நாற்காலியின் முன்னால் பூட்டினால் சாலையில் ஓட்டக்கூடிய மின்மோட்டார்க் கருவிகள் இந்தக் கடைசி வகையினருக்கு மிகப் பயன்படும். முதல் வகையினருக்கு அதே பணம் காற்று மெத்தைக்கும் கவனிப்பவரின் கூலிக்கும் போவது நல்லது.

இப்போது முதல் வழி, ஒரேயடியாகக் கொடுத்துவிடுவது. இதன் நன்மை வேகம். குடும்பம் வட்டிக்கு வாங்குவதை அது தடுக்கும். தன் பணத்தைத் தானே கையாளும் உரிமையும் அவர்களுக்கு இருக்கும். ஆனால் பெரிய தொகை கையில் இருப்பது ஊருக்கே தெரிந்த வீட்டில், மூலிகை எண்ணெயால் நரம்பை எழுப்புகிறேன் என்பவரும், நெடுந்தொலைவில் ஓர் அறுவை சிகிச்சை இருக்கிறது என்பவரும் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். நடக்க வேண்டும் என்று ஏங்கும் இருபது வயதுப் பையனின் பெற்றோர் அவர்களை மறுப்பது எளிதல்ல. முதல் ஆண்டில் பணம் அங்கே கரைந்துவிட்டால், இரண்டாம் ஆண்டு டியூபுக்குக்கூடக் காசு இருக்காது. வேறொரு சிக்கல் நம் பக்கத்துக்கே உரியது. உசிலம்பட்டி, மேலூர் வட்டாரங்களில் கூடிக் கொடுக்கும் பணம் எதுவாயினும் மொய் நோட்டின் கண்ணோடு பார்க்கப்படும். இன்று வாங்கியதை நாளை அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்ப வேண்டும் என்ற கடமை வாங்கியவர் மனத்தில் ஏறிவிடும். எனவே இது மொய் ஆகாது, திருப்ப வேண்டியதும் இல்லை என்று கமிட்டி வெளிப்படையாக அறிவித்து, கொடுத்தவர்களின் பட்டியலைக் குடும்பத்திடம் தராமல் தன்னிடமே வைத்துக்கொள்வது நாகரிகம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் ₹50,000க்கு மேல் பெறும் தொகை பெறுபவரின் வருமானமாகக் கருதப்படும் என்ற வரி விதியும் இருக்கிறது; பெரும்பாலான குடும்பங்கள் வரி கட்ட வேண்டிய அளவுக்குப் போகமாட்டா, எனினும் தொகை பெரிதானால் ஓர் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அறக்கட்டளை என்ற சொல்லுக்கு ஊரில் ஒரு கவர்ச்சி உண்டு. பெயர்ப்பலகை வைக்கலாம், தலைவர் முதல் பொருளாளர் வரை பதவிகள் உண்டாகும். பதிவு செய்து, வருமான வரித் துறையின் ஒப்புதலும் பெற்றால், கொடையாளருக்கு 80ஜி என்று எல்லாரும் அறிந்த வரிச்சலுகை கிடைக்கும். ஆயினும் ₹2,000க்கு மேற்பட்ட ரொக்கக் கொடைக்கு அது பொருந்தாது, உண்டியல் பணத்துக்கு அதனால் பயனில்லை. ஆண்டுதோறும் தணிக்கை, கணக்குத் தாக்கல், ஒப்புதலைப் புதுப்பித்தல் ஆகியவை தொடரும். வெளிநாட்டுப் பணத்தில் இன்னொரு வரம்பு இருக்கிறது: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம்மவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதற்குத் தடையில்லை, சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டவர் அறக்கட்டளைக்கு அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகிவிடும், அதற்கு 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். ஒரு மாவட்டத்தின் எல்லாக் கபடிக் குழுக்களும் சேர்ந்து, தொடர்ந்து பல வீரர்களைத் தாங்க ஓர் அமைப்பு தொடங்கினால் இந்தச் சுமைக்கெல்லாம் பொருள் உண்டு. தென்னாப்பிரிக்க நிதி நிலைத்ததற்கு அது ஒரு நாட்டின் ரக்பி முழுவதையும் தன் எல்லையாகக் கொண்டது ஒரு காரணம். ஒரே ஊர், ஒரே வீரர் என்ற அளவில் அறக்கட்டளை தொடங்குவது வீண் என்றே கருதுகிறேன்.

மூன்றாவது வழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் கமிட்டிகள் இதை நினைப்பதே அரிது. மதுரையிலிருந்து ராஜபாளையம் வழியாகப் போனால் தென்காசிக்கு அருகில் ஆய்க்குடி வரும். அங்குள்ள அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் உடற்திறன் சோதனையின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். பொறியியல் மாணவராக இருந்த அவர் சொந்த ஊருக்குத் திரும்பி, சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் இருந்தபடியே ஒரு பெரிய மறுவாழ்வு நிறுவனத்தை வளர்த்தார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வுப் பிரிவுக்கும் இதுபோன்ற வரலாறு உண்டு: 1954இல் வாகன விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகளைத் தொடர்ந்து, பின்னர் மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்று வந்தார், அவர் முன்னின்ற மறுவாழ்வு மையம் 1966இல் திறக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் சில வாரங்கள் தங்கும் வீரர், கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறுவதையும், தன் சிறுநீரைத் தானே கவனிப்பதையும், தோலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதையும் கற்றுக்கொள்கிறார். தன்னைப்போல் முடங்கிப் பத்தாண்டு கடந்து வேலை பார்க்கும் மனிதரை அங்கே அவர் நேரில் பார்க்கிறார் என்பதும் சிறிய செய்தியல்ல. மேட் ஹாம்ப்சனின் மையம் இயங்குவதும் இந்த அடிப்படையில்தான். குறை என்று சொன்னால், தூரமும், உடன் தங்குபவரின் கூலியிழப்பும், இடம் கிடைக்கும்வரை காத்திருப்பதும்தான். கமிட்டியின் பணத்தை அந்த நாட்களின் பயணத்துக்கும் துணைவரின் செலவுக்கும் ஒதுக்கினால் இவற்றுள் இரண்டு தீரும்.

நான்காவதான காப்பீடு மற்ற மூன்றோடு போட்டியிடுவதில்லை. அது விபத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு ₹20 பிடித்தம். 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ள எவரும் சேரலாம். விபத்தால் இறந்தாலோ, இரு கால்களின் பயன்பாட்டை மீளாதபடி இழந்தாலோ ₹2 லட்சம். அறுபது பேர் ஆடும் ஒரு போட்டிக்கு ஆகும் செலவு ₹1,200, அதாவது ஒரு சுழற்கோப்பையின் விலைகூட இல்லை. கூடுதல் தொகைக்கு எடுக்கும் குழு விபத்துக் காப்பீடுகளில், ஆபத்தான விளையாட்டுகளை விலக்கும் பிரிவு இருக்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பணம் கட்ட வேண்டும். ஜல்லிக்கட்டுக்கு இது இன்னும் முக்கியம். விழுந்தவரை மருத்துவமனையில் சேர்க்கும்போது, போலீஸ் விசாரணைக்கு அஞ்சி ‘மாடிப்படியில் வழுக்கி விழுந்தார்’ என்று சொல்லிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. விபத்துப் பதிவேட்டில் அப்படி ஏறிவிட்டால் பின்னால் கோரிக்கை எழுப்பும்போது முரண்பாடு வரும். நடந்ததை நடந்தபடி சொல்லி, ஏ.ஆர். எனப்படும் அந்தப் பதிவேட்டின் நகலைப் பத்திரப்படுத்தி, 30 நாட்களுக்குள் வங்கிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

காசில்லாமல் கிடைக்கும் ஒரு பாதுகாப்பையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்து 2001இல் பயிற்சியாளர்களுக்கும் நடுவர்களுக்கும் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய போக்கின்படி 2005 வரை ஏறத்தாழ 19 தண்டுவடக் காயங்கள் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் 8 மட்டுமே நிகழ்ந்தன. ஸ்க்ரம்மில் 9 எதிர்பார்க்கப்பட்டு, 1 நிகழ்ந்தது. அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் ஜல்லிக்கட்டுகளில் மருத்துவக் குழுவும் ஆம்புலன்சும் வாடிவாசல் அருகிலேயே நிற்கின்றன. நள்ளிரவில் ஆடும் கபடிக் களத்தில், விழுந்தவரைக் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பதுதான் இன்னும் முதலுதவியாக இருக்கிறது. கழுத்தை அசைக்காமல், ஒரு பலகையில் நான்கு பேர் சேர்ந்து ஒரே அசைவில் மாற்ற வேண்டும் என்பதை ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

ஒரு கமிட்டியிடம் ₹6 லட்சம் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் என் தேர்வு இப்படி அமையும். ₹1.5 லட்சத்தை ரொக்கமாகத் தராமல், சாய்தளம், கழிப்பறைக் கதவு, மெத்தை, பொருந்திய நாற்காலி, மறுவாழ்வு மையப் பயணம் ஆகியவற்றுக்கு நேரடியாகச் செலுத்துவேன். மின்கலனில் இயங்கும் நாற்காலியை அரசே தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கு வழங்குவதால், அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் விண்ணப்பித்துவிடுவது சிக்கனம். மீதி ₹4.5 லட்சத்தை வைப்பில் போட்டு வட்டியை மட்டும் கொடுத்தால், 7 விழுக்காட்டில் மாதம் ₹2,625 வரும். அசலும் சேர்ந்து மாதந்தோறும் திரும்பும் ஆன்யுட்டி வைப்பில் பத்தாண்டுக்குப் போட்டால் அதே வட்டியில் ஏறத்தாழ ₹5,200 வரும். பாரத ஸ்டேட் வங்கியில் 120 மாதம் வரை இந்த ஏற்பாடு உண்டு. அசலைத் தொடாமல் காப்பது கோயில் நிலத்துக்குச் சரி. இருபத்திரண்டு வயதில் முடங்கியவருக்கு அடுத்த பத்தாண்டே தொழில் கற்று நிமிரும் காலம் என்பதால் நான் இரண்டாவதையே சொல்வேன். மாநில அரசின் மாதாந்தரப் பராமரிப்பு உதவியான ₹2,000 சேர்ந்தால் ₹7,200. இது ஒரு கூலிக்கு ஈடாகாது. ஆனால் டியூப், கையுறை, மருந்து, மருத்துவமனைக்கு ஆட்டோ ஆகிய செலவுகளுக்காக யாரிடமும் கேட்டு நிற்காத நிலையை அது தரும். வைப்பு அந்த வீரரின் பெயரிலேயே இருக்க வேண்டும், கமிட்டித் தலைவரின் பெயரில் இருக்கக் கூடாது. முன்கூட்டி முறித்துவிடுவார்களோ என்ற அச்சம் கமிட்டிக்கு இருந்தால், வீரர், குடும்பத்தில் ஒருவர், ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆகிய மூவரும் கையெழுத்திடும் கூட்டுக் கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டில் அடைபடாத ஓட்டை ஒன்று இருக்கிறது. ₹20 காப்பீடு 18 வயதுக்குக் கீழே பொருந்தாது. நம் களங்களிலோ பதினோராம் வகுப்புப் பையன்கள் பெரியவர்களின் அணியில் ஆடுகிறார்கள். அந்தக் காப்பீட்டு ஆண்டு ஜூன் 1இல் தொடங்குவதால், சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு பெயர்ப்பட்டியல் எடுத்தால் அடுத்த பொங்கல் வரையிலான எல்லாப் போட்டிகளுக்கும் போதும். அந்தப் பட்டியலில் வயதைக் கேட்டு எழுதும்போதே, சிறுவர்களுக்கெனத் தனிக் குழுக் காப்பீடு எடுப்பதா, அல்லது எடை குறைந்த அவர்களைப் பெரியவர்களின் ஆட்டத்தில் இறக்குவதையே நிறுத்துவதா என்று கமிட்டி முடிவெடுத்தாக வேண்டும்.